காரின் முன் கிரில்லை அடைத்தால் மைலேஜ் கூடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி நிற்கும்போது ஒரு கிலோமீட்டர் கூடக் கிடைத்தாலும் லாபம்தான் என்று எல்லோரும் யோசிக்கிறோம். முன் கிரில்லை அடைத்து மைலேஜை ஏற்றும் வேலை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல வருடமாக நடக்கிறது. நம் ஊரிலும் இப்போது பலர் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். பலன் உண்டு, ஆனால் சின்னப் பலன். நம் வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் இன்ஜினுக்கே உலை. எங்கே செய்யலாம், எங்கே கூடாது என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

கிரில்லை அடைப்பது என்றால் சரியாக என்ன செய்வது?

முன்பக்கத்தில் காற்று உள்ளே புகும் வழியை முழுதாகவோ பாதியாகவோ மூடுவது. கிரில்லையே கழற்றி வேறு மாட்டுவதில்லை. இருக்கும் கிரில்லின் இடைவெளிகளில் ஃபோம் செருகுவார்கள், இல்லையென்றால் பின்னால் ஒரு பலகையைக் கட்டுவார்கள். வேண்டாம் என்றால் கால் மணி நேரத்தில் எடுத்துவிடலாம்.

காற்று உள்ளே போவதில் என்ன நஷ்டம்? ரேடியேட்டருக்குக் காற்று வேண்டுமே?

வேண்டும்தான். ஆனால் அந்தக் காற்று எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். கிரில்லில் நுழைந்து, ஏசி வாயுவின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் நெருக்கமான தகடுகளுக்குள் புகுந்து, அதன் பின்னால் ரேடியேட்டர், அதற்கும் பின்னால் ஃபேன், அப்புறம் இன்ஜின் அறையில் இருக்கும் ஒயர், குழாய், பேட்டரி என்று எல்லாவற்றிலும் மோதி, வேகத்தை முழுக்க இழந்து, கடைசியில் காரின் அடிவழியாகக் கலைந்து வெளியேறுகிறது. காற்று இழந்த வேகம் எல்லாம் காரைப் பின்னுக்கு இழுக்கும் விசையாக நம் கணக்கில் ஏறும். அதே காற்று வெளியே பானெட் மேலாக வழுக்கிப் போயிருந்தால் இழப்பு குறைவு.

பயணிகள் கார்களில் மொத்தக் காற்று எதிர்ப்பில் சுமார் 5 முதல் 10 சதவீதம் இந்தக் குளிரூட்டும் காற்றால் வருவது. கிரில்லை அடைப்பவர்கள் குறி வைப்பது இந்தப் பங்கைத்தான்.

இன்னொன்றும் உண்டு. ஒரு கார் தயாரிப்பவர் கிரில்லின் அளவைத் தீர்மானிக்கும்போது மனதில் வைப்பது மோசமான நாளைத்தான்: கடும் வெயில், ஐந்து பேர், பின்னால் மூட்டை முடிச்சு, ஏசி முழு வேகத்தில், மேலே ஏறும் மலைப்பாதை. சமதளச் சாலையில் ஒருவர் மட்டும் ஓட்டிக்கொண்டு போகும்போது அவ்வளவு பெரிய திறப்பு தேவைப்படுவதில்லை. அந்த உபரிதான் இந்த யோசனைக்கே அடிப்படை.

சரி, எவ்வளவு மைலேஜ் கூடும்?

ஒரு நடுத்தர ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். ஆளோடு சேர்த்து 1,100 கிலோ, காற்று எதிர்ப்புக் குணகம் (காரின் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) 0.33, முன்பக்கப் பரப்பு 2.2 சதுர மீட்டர். டயர் உருள்வதற்கான எதிர்ப்பு எந்த வேகத்திலும் ஏறக்குறைய 12 கிலோ எடையின் விசைக்குச் சமம். காற்று எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்கு. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஐந்தரை கிலோ, 60-இல் 12 கிலோ, 80-இல் 22 கிலோ, 100-இல் 34 கிலோ. அதாவது 60 வரை டயர்தான் பெரிய செலவாளி. அதற்கு மேல் காற்று முந்திக்கொள்கிறது.

கிரில்லை முழுக்க மூடினால் இந்தக் குணகம் 0.02 குறைகிறது என்று வைப்போம். அது 6 சதவீதம். 100 கி.மீ. வேகத்தில் மொத்த எதிர்ப்பில் முக்கால் பங்கு காற்று என்பதால், நிகரக் குறைவு நாலரை சதவீதம். இன்ஜின் தன் உள் உராய்வுக்கும் எரிபொருள் செலவழிக்கிறது, அதையும் கழித்தால் கைக்கு வருவது சுமார் 3 சதவீதம். 80-இல் இரண்டரை. பாதி மட்டும் மூடினால் ஒன்று, ஒன்றேகால் சதவீதம்.

லிட்டருக்கு 18 கி.மீ. தரும் கார் வருடத்துக்கு 15,000 கி.மீ. ஓடுகிறது, அதில் பாதி நெடுஞ்சாலை என்றால், நெடுஞ்சாலையில் செலவாகும் எரிபொருள் 400 லிட்டர் சொச்சம். பாதி அடைப்புக்கும் முழு அடைப்புக்கும் நடுவில் 2 சதவீதம் என்று வைத்தால் 8 லிட்டர். வருடத்துக்கு எண்ணூறு ரூபாய். இணையத்தில் 10 சதவீதம், 15 சதவீதம் என்று எழுதுபவர்களை நான் நம்புவதில்லை. மேலே சொன்ன கணக்கில் அதற்கு இடமே இல்லை. மற்ற பல மாற்றங்களோடு சேர்த்துச் செய்துவிட்டு, எல்லாப் பெருமையையும் கிரில்லுக்குக் கொடுத்திருப்பார்கள்.

நான் ஊருக்குள் மட்டும்தான் ஓட்டுகிறேன்.

அப்படியானால் வேண்டாம். அண்ணா சாலை வேகத்தில் காற்று எதிர்ப்பு ஒரு பொருட்டே இல்லை. டயரில் காற்றைச் சரியாக வைத்தாலே இதைவிட அதிகம் மிச்சமாகும்.

கார் கம்பெனிகளே கிரில்லை மூடுகிறார்களாமே?

ஆமாம், ஆனால் நிரந்தரமாக இல்லை. கிரில்லுக்குப் பின்னால் ஜன்னல் பிளைண்ட் போலத் தகடுகள் இருக்கும். குளிர்ச்சி தேவையில்லாதபோது ஒரு சின்ன மோட்டார் அவற்றை மூடும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடானாலோ ஏசிக்குக் காற்று வேண்டியிருந்தாலோ திறந்துவிடும். யோசனை புதிதல்ல. 1930-களின் ரோல்ஸ் ராய்ஸ் கார்களிலேயே ரேடியேட்டருக்கு முன்னால் வெப்பத்துக்கு ஏற்பத் தானாகத் திறந்து மூடும் தகடுகள் இருந்தன. நம் காலத்தில் பிஎம்டபிள்யூ 2007 வாக்கில் இதைத் தன் கார்களில் கொண்டுவந்தது. 2011-இல் அமெரிக்காவில் வந்த செவ்ரோலே க்ரூஸ் ஈகோவில் கீழ்த் திறப்புக்கு இப்படி மூடி இருந்தது. அந்தக் கார் நெடுஞ்சாலையில் கேலனுக்கு 42 மைல், அதாவது லிட்டருக்கு சுமார் 18 கி.மீ. தந்தது. ஆனால் அதற்கு மூடி மட்டும் காரணமில்லை. எளிதில் உருளும் டயர், தாழ்த்திய சஸ்பென்ஷன், நீளமான கியர் விகிதம், குறைத்த எடை எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வந்தது.

நாம் கட்டும் பலகைக்கு அந்தப் புத்தி கிடையாது. திறக்க வேண்டிய நேரத்தில் அது திறக்காது. கம்பெனி மூடிக்கும் வீட்டில் செய்யும் மூடிக்கும் உள்ள மொத்த வித்தியாசமும் இதுதான்.

நம்ம வெயிலில் இன்ஜின் கொதிக்காதா?

சமதள நெடுஞ்சாலையில், பாதி அடைத்த நிலையில், நல்ல கூலன்ட் இருக்கும் காரில் பெரும்பாலும் கொதிக்காது. ஆபத்து இருப்பது மலையில்.

அதே காரில் நான்கு பேர் ஏறி, மொத்த எடை 1,500 கிலோ ஆகி, 7 சதவீதச் சரிவில் 40 கி.மீ. வேகத்தில் ஏறுகிறது என்று வையுங்கள். சக்கரத்துக்குத் தேவைப்படும் சக்தி சுமார் 14 கிலோவாட். சமதளத்தில் 100 கி.மீ. வேகத்தில் போகத் தேவைப்படுவது 13 கிலோவாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. ஆக, மலையில் இன்ஜின் கக்கும் வெப்பம் நெடுஞ்சாலையைவிட அதிகம். எதிர்க்காற்றோ ஐந்தில் இரண்டு பங்குதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்தால் அந்தக் காற்றும் இருக்காது, ஃபேனை மட்டும் நம்ப வேண்டியதுதான். ஃபேன் இழுக்கும் காற்றும் அதே கிரில் வழியாகத்தான் வர வேண்டும். அடிவாரத்திலேயே நிறுத்தி அடைப்பை எடுத்துவிடுங்கள். இதில் சமரசமே கிடையாது.

கத்திரி வெயில் மாதங்களில் நான் சமதளத்துக்குக்கூட இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏசி ஓடும்போது?

கிரில் அடைப்பு நம் ஊரில் தோற்றுப்போகும் இடம் ஏசிதான். பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

கண்டென்சர் ரேடியேட்டருக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் காற்று குறைந்தால் உள்ளே வாயுவின் அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கும். 80 கி.மீ. வேகத்தில் நம் ஹேட்ச்பேக்குக்கு வேண்டியது ஏழரை கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பாதி அடைப்பால் மிச்சமாவது அதில் 2 சதவீதம் (இன்ஜினின் உள் உராய்வைக் கணக்கில் சேர்க்கும் முன்), அதாவது 150 வாட். கம்ப்ரசர் 2 கிலோவாட் எடுக்கிறது, அது 10 சதவீதம் கூடுதலாக உழைத்தால் 200 வாட். மிச்சம் பிடித்தது போய்விட்டது, மேலே 50 வாட் நஷ்டம்.

ஃபேன் கதையும் இதேதான். அடைப்பால் சூடு ஏறி ஃபேன் நிற்காமல் ஓடினால் அது சுமார் 200 வாட் தின்னும். ஆல்டர்னேட்டரின் இழப்பையும் சேர்த்தால் இன்ஜினிலிருந்து போவது 300 வாட்டுக்கு மேல். அடைத்த பிறகு ஃபேன் சத்தம் முன்பைவிட அடிக்கடி கேட்டால், நீங்கள் மைலேஜைக் கூட்டவில்லை, குறைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அதனால் ஏசி இல்லாமல் ஓட்ட முடிகிற மார்கழி, தை மாத அதிகாலைப் பயணங்களுக்குத்தான் இது நியாயமாகப் பொருந்தும்.

டீசல் டர்போ, பெட்ரோல் டர்போ கார்களில் செய்யலாமா?

முதலில் டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல கார்களில் அது முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும். அதன் காற்றை அடைத்தால் சிலிண்டருக்குள் போகும் காற்று சூடாகும், இழுவை குறையும். பெட்ரோல் டர்போவில் நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) வராமலிருக்க, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ, தீப்பொறி விடும் நேரத்தைப் பின்தள்ளும், அதனால் எரிபொருள் கூடுதலாகத்தான் போகும். இன்டர்கூலர் முன்பக்கம் இருந்தால் அந்தப் பகுதியைத் தொடவே வேண்டாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் கூலர் முன்பக்கம் இருந்தாலும் இதே விதிதான்.

மேல் கிரில்லை அடைப்பதா, பம்பரின் கீழ்த் திறப்பையா?

மேல் கிரில்லில் தொடங்குங்கள். இன்றைய பல கார்களில் மேல் கிரில் பாதிக்கு மேல் வெறும் அலங்காரம்தான், பின்னால் பிளாஸ்டிக் மூடியிருக்கும். விரலை விட்டுப் பார்த்தாலே தெரியும். ரேடியேட்டருக்கு வேண்டிய காற்றில் பெரும்பகுதி கீழ்த் திறப்பிலிருந்து வருகிற கார்களில், மேலே எஞ்சியிருப்பதை மூடினாலும் குளிர்ச்சி பெரிதாகக் குறையாது.

மூடுவதற்கு முன் பானெட்டைத் திறந்து இன்ஜினுக்குக் காற்று உறிஞ்சும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல கார்களில் அது மேல் கிரில்லுக்கு நேர் பின்னால், பானெட் பூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அதை மூடக் கூடாது. ஹாரனும் அங்கேதான் இருக்கும். ஒரேயடியாக மூடினால் ஹாரன் சத்தம் அமுங்கிப்போகும், நம் சாலைகளில் அது விளையாட்டில்லை. ஓட்டுநர் உதவி வசதி உள்ள புதிய கார்களில் கிரில் நடுவிலோ லோகோவுக்குப் பின்னாலோ ரேடார் இருக்கும். அதன் முன்னால் எதையும் வைக்காதீர்கள், தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியே செயலிழந்துவிடலாம்.

எதை வைத்து அடைப்பது?

பேனர் கடைகளில் கிடைக்கும் சன்பேக் ஷீட் (உள்ளே வெற்றிடம் உள்ள பிளாஸ்டிக் அட்டை) நல்ல பொருள். இலகுவானது, மழையில் ஊறாது, கத்தரியால் வெட்டலாம். கிரில்லின் பின்பக்கம் வைத்து கேபிள் டையால் கட்டுங்கள். கம்பிகள் கிடைமட்டமாக இருக்கும் கிரில்லாக இருந்தால், ஏசி செம்புக் குழாய்க்கு மாட்டும் கறுப்பு ஃபோம் குழாயை வாங்கி இடைவெளிகளில் செருகலாம். ஒவ்வொரு வரிசையாகச் சேர்க்கவும் எடுக்கவும் முடியும் என்பதால் எனக்கு இதுதான் பிடித்த முறை. அட்டை ஒரு மழைக்குத் தாங்காது. தெர்மகோல் நொறுங்கி ரேடியேட்டர் தகடுகளில் போய் அடைத்துக்கொள்ளும். எந்தப் பொருளும் ஃபேனுக்குள் உருவிக்கொண்டு போகாதபடி நாலு இடத்தில் இறுகக் கட்டியிருக்க வேண்டும்.

என் காரில் வெப்பநிலை முள்ளே இல்லை. நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான்.

அப்படியானால் ஸ்கேனர் வாங்காமல் இதைத் தொடாதீர்கள். சிவப்பு விளக்கு எரியும்போது காலம் கடந்திருக்கும். ஸ்டீயரிங்கிற்குக் கீழே ஓபிடி சாக்கெட் (காரின் கணினியிலிருந்து விவரம் எடுக்கும் இணைப்பு) இருக்கும். அதில் செருகும் ப்ளூடூத் ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. போன் செயலியில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் பார்க்கலாம்.

அடைப்பதற்கு முன்பே ஒரு வாரம் பார்த்து உங்கள் காரின் இயல்பான எண் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும், ஃபேன் 95-ஐத் தாண்டி ஓடத் தொடங்கும். அடைத்த பிறகு சமதளத்தில் அந்த இயல்பான எண்ணைவிட ஐந்தாறு டிகிரி கூடுதலாகவே நின்றால் ஒரு வரிசையை எடுத்துவிடுங்கள்.

அடைக்காமலே இதே பலனைப் பெற வழி இருக்கிறதா?

இருக்கிறது. நான் எல்லோருக்கும் முதலில் சொல்வதும் இதைத்தான்.

கிரில்லில் நுழையும் காற்று முழுவதும் ரேடியேட்டர் வழியாகப் போவதில்லை. பக்கவாட்டிலும் மேலும் கீழும் இருக்கும் இடைவெளிகளில் நழுவி ஓடும். அந்தக் காற்று எதையும் குளிர்விக்காது, காரை மட்டும் பின்னால் இழுக்கும். இதைத் தடுக்கக் கம்பெனி ஃபோம் பட்டைகளும் பிளாஸ்டிக் தடுப்புகளும் வைத்திருப்பார்கள். பம்பர் ஒரு முறை அடிபட்டுக் கழற்றி மாட்டிய கார்களில் அவை பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவசமும் அப்படித்தான். வேகத்தடையில் இடித்துக் கிளிப் போய், ஒருநாள் மெக்கானிக் அதைக் கழற்றி ஓரமாகப் போட்டிருப்பார்.

அந்தத் தடுப்புகளைத் திரும்ப வாங்கி மாட்டுங்கள், இல்லையென்றால் ஃபோம் பட்டையால் இடைவெளிகளை மூடுங்கள். காற்று எதிர்ப்பும் குறையும், ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் கிடைக்கும் காற்றும் கூடும். கிரில் அடைப்பில் ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றைப் பெறுகிறோம். இதில் கொடுப்பது எதுவுமில்லை, வெயில் காலத்திலும் கழற்ற வேண்டியதில்லை.

கூரையில் காலியாகக் கிடக்கும் கேரியரையும் இறக்கிவிடுங்கள். அது இழுப்பது கிரில் அடைப்பில் மிச்சமாவதைவிட அதிகம்.

ஸ்போர்ட்ஸ் கிரில், வலைக் கிரில் மாற்றினால்?

அழகுக்காக மாற்றலாம், மைலேஜுக்காக இல்லை. திறப்பு பெரிதானால் எதிர்ப்பு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

சட்டச் சிக்கல் வருமா? வாரண்டி போய்விடுமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. கிரில்லுக்குப் பின்னால் கட்டி அவிழ்க்கும் ஒரு ஷீட் எந்த விவரத்தையும் மாற்றுவதில்லை. நம்பர் பிளேட், விளக்கு, இண்டிகேட்டர் எதுவும் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் இரும்புக் கம்பி கட்டுவது வேறு விஷயம், அதன் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

வாரண்டிதான் உண்மையான கவலை. இன்ஜின் சூடாகி ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதி இணைப்பை அடைக்கும் தகடு) போனால், கிரில்லில் அடைப்பு இருப்பதைப் பார்த்த சர்வீஸ் சென்டர் கையை விரிக்க எல்லா வாய்ப்பும் உண்டு. எண்ணூறு ரூபாய் மிச்சத்துக்கு எதிரே பல ஆயிரம் ரூபாய் செலவு நிற்கும். வாரண்டி உள்ள காரில் செய்யாதீர்கள்.

மைலேஜ் கூடியது உண்மைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இது நிஜமாகவே கஷ்டம். காற்றடிக்கும் திசை, லாரி நெரிசல், டேங்க் நிரப்பும்போது பெட்ரோல் பம்பின் கைப்பிடி தானாக நிற்கும் இடம் என்று ஒவ்வொன்றும் 2 சதவீதத்தைவிடப் பெரிய வித்தியாசம் தரும். ஈசிஆரில் போகும்போது கடற்காற்று ஒன்றே போதும், கணக்கைக் கெடுக்க.

ஒரே சாலையில், ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில், ஏசி இல்லாமல், போக வர இரண்டு திசையும் ஓட்டி சராசரி எடுங்கள். அடைக்காமல் ஒரு முறை, அடைத்து ஒரு முறை, திரும்ப அடைப்பை எடுத்துவிட்டு ஒரு முறை. முதலும் மூன்றாவதும் ஒத்துப்போனால்தான் நடுவில் வந்த எண்ணுக்கு மதிப்பு. ஒத்துப்போகவில்லையா, அன்றைய கணக்கை அப்படியே விட்டுவிட்டு வேறொரு நாள் பாருங்கள்.

டொராண்டோவில் இருக்கிறேன். இங்கே செய்யலாமா?

உங்களுக்குத்தான் இது நன்றாகப் பொருந்தும். மைனஸ் 15 டிகிரியில் இன்ஜின் சூடாகவே நெடுநேரம் பிடிக்கும். அதுவரை எரிபொருள் வீணாகும், ஹீட்டரில் சூடான காற்றும் வராது. அடைப்பு அந்த நேரத்தைக் குறைக்கும். அங்கே லாரிகளுக்கும் பிக்கப் வண்டிகளுக்கும் இதற்கென்றே தைத்த குளிர்கால உறைகள் விற்கிறார்கள். ஏப்ரல் வந்ததும் எடுக்க மறக்காதீர்கள். பாரம் ஏற்றிய டிரெய்லரை இழுக்கும்போது குளிர்காலத்திலும் எடுத்துவிட வேண்டும். ஊட்டியில் ஜனவரி அதிகாலைகளில் ஓட்டுபவர்களுக்கும் சூடாகும் பலன் ஓரளவு கிடைக்கும், ஆனால் அங்கே ஏற்றம் தொடங்கிய உடனே மலைக்கான விதி வந்துவிடும்.

எலக்ட்ரிக் காரில்?

அங்கே முன்பக்கம் ஏற்கெனவே மூடித்தான் வருகிறது. கீழே இருக்கும் சின்னத் திறப்பு பேட்டரிக்கும் ஏசிக்கும் வேண்டியது, அதை விட்டுவிடுங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய், 2025-இல் வந்த கிரெட்டா எலக்ட்ரிக்கில் தேவைக்கேற்பத் திறந்து மூடும் காற்றுத் தடுப்புகளையே கொடுத்திருக்கிறது.

ஓட்டும்போது சூடு ஏறிவிட்டது. உடனே என்ன செய்வது?

ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் திறந்துவிடுங்கள். அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், இன்ஜினின் வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். வேர்க்கும், ஆனால் இன்ஜின் பிழைக்கும். பாதுகாப்பான ஓரமாக நிறுத்துங்கள். எண் இறங்கத் தொடங்கினால் சிறிது நேரம் ஐடிலில் விட்டு அணையுங்கள். நிறுத்திய பிறகும் ஏறிக்கொண்டே போனாலோ, ஆவி வந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் நூறு டிகிரிக்கு மேல் சூடான கூலன்ட் இருக்கும், திறந்தால் முகத்தில் பீய்ச்சும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, துணி போட்டு மெதுவாகத் திறந்து அளவைப் பாருங்கள். அடைப்பை அங்கேயே எடுத்து டிக்கியில் போட்டுவிட்டு வீடு வந்து சேருங்கள். மறுநாள் மெக்கானிக்கிடம் காட்டி, கூலன்ட் ஏன் அந்தச் சூட்டைத் தாங்கவில்லை என்று பார்த்த பிறகு மற்றதை யோசிக்கலாம்.